துருவுக்குத் தெரிந்த ஊர்கள்

தஞ்சாவூர் கீழவாசலின் கடைத்தெரு நெரிசலுக்குப் பின்னால் பழைய கோட்டை மதிலின் ஒரு துண்டு மேடாக நிற்கிறது. ஊரார் வாயில் அது பீரங்கி மேடு. பெரிய கோயிலைக் கும்பிட்டுவிட்டு நேரே கும்பகோணம் பேருந்தைப் பிடிப்பவர்கள் இதைப் பார்ப்பதில்லை. படியேறிப் போனால் மேலே கிடப்பது ஒரே ஒரு பொருள்: ஏழரை மீட்டர் நீளமும் சுமார் 22 டன் எடையும் கொண்ட இரும்புப் பீரங்கி. இராசகோபால பீரங்கி என்று பெயர். தஞ்சை நாயக்கர்களில் பேர்போன இரகுநாத நாயக்கர் காலத்தது, அதாவது 17-ஆம் நூற்றாண்டின் முதற்பாதி.

கூரை கிடையாது. சித்திரை வெயிலும் ஐப்பசி அடைமழையும் நேரே அதன் முதுகில்தான் இறங்குகின்றன. ஏறக்குறைய 400 ஆண்டுகளாக இதே கதை. ஆனால் மேட்டுக்குக் கீழே இருக்கும் எந்த வீட்டு ஜன்னல் கம்பியையும் தொட்டுப் பார்க்கலாம். பெயின்ட் உரிந்த இடத்தில் துரு பொருக்காகக் கையோடு வரும். காவிரிப் படுகையில் இரும்பை வைத்துக் காப்பாற்றுவது லேசான வேலை இல்லை என்பது இங்கே குடியிருக்கும் எவருக்கும் தெரியும். பிறகு இந்த 22 டன் மட்டும் எப்படித் தப்பியது?

கான்பூர் ஐஐடியில் உலோகவியல் பேராசிரியராக இருந்த ஆர். பாலசுப்ரமணியம் இதைக் கேட்டுக்கொண்டுதான் தஞ்சைப் பீரங்கியிடம் வந்தார். தில்லி இரும்புத் தூண் ஏன் துருப்பிடிப்பதில்லை என்று ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர் அவர். சக ஆய்வாளர்களோடு சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை 2004-இல் 'ஜேஓஎம்' என்ற உலோகவியல் இதழில் வெளிவந்தது. இந்தப் பீரங்கி வார்ப்பு அல்ல. நீண்ட இரும்புப் பட்டைகளை வட்டமாக அடுக்கிக் குழலாக்கி, அதன்மேல் பழுக்கக் காய்ச்சிய வளையங்களை ஒன்றையடுத்து ஒன்றாக ஏற்றி, அடித்துச் சேர்த்திருக்கிறார்கள். ஆறும்போது வளையம் சுருங்கி உள்ளே இருக்கும் பட்டைகளை இறுக்கிக் கொள்ளும். இவ்வளவு பெரிய பொருளை உலையில் காய்ச்சிப் புரட்டி அடித்த கொல்லர்களில் ஒருவர் பெயர்கூட நமக்கு வந்து சேரவில்லை. பட்டம் இரகுநாதருக்கு. டேனிஷ்காரர்களின் கைவண்ணம் இதில் உண்டு என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் வளையம் ஏற்றிப் பீரங்கி செய்யும் வித்தை பீதர், பிஜப்பூர் போன்ற தக்காணத்து ஊர்களில் அதற்கு முன்பே நன்றாகப் பழகியிருந்தது.

அந்த ஆய்வு துருவையும் விடவில்லை. எக்ஸ் கதிராலும் ராமன் நிறமாலையாலும் அதைச் சோதித்தது. பீரங்கிமேல் இருப்பது உதிர்ந்துபோகும் செம்பொடி அல்ல. இரும்போடு ஒட்டிக்கொண்டு அதற்கு மேல் காற்றையும் நீரையும் எளிதில் உள்ளே விடாத படலம். மரக்கரியில் உருக்கிய நம் பழைய இரும்பில் பாஸ்பரஸ் தங்கிவிடும். தில்லித் தூணின் காப்புப் படலத்துக்கு அதுவே காரணம் என்று பாலசுப்ரமணியம் வாதிட்டவர். இதோடு இடத்தின் உதவியும் உண்டு. மேட்டில் காற்று அடைபடுவதில்லை. மழை நின்ற ஒரு மணி நேரத்தில் வெயில் இரும்பைச் சுட வைத்துவிடும். மேலே படியும் தூசியையும் உப்பையும் அடுத்த மழை கழுவிக்கொண்டு போகும். நனைவதால் மட்டும் இரும்பு கெடுவதில்லை. நனைந்தது காயாமல் கிடப்பதுதான் அதைக் கெடுக்கிறது.

பீரங்கிக்கு இன்னொரு சௌகரியம், அதன் உடம்பு. மேலே ஒரு மில்லிமீட்டர் போனாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. வீட்டில் வைக்கும் 12 போர் துப்பாக்கிக்கு அந்த வசதி இல்லை. வாய்ப்பக்கம் அதன் குழல் சுவரே ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். அதில் அரை மில்லிமீட்டர் ஆழத்துக்குத் துருக்குழி விழுந்தால் அந்தத் துப்பாக்கியைச் சுவரில் மாட்டலாம், சுடக் கூடாது.

மேட்டிலிருந்து இறங்கி நகருக்கு வெளியே போனால் எங்கும் ஒரே சொல் காதில் விழும்: ஈரப்பதம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் அதை 22 ஆக்கு என்று விவசாயிகள் சாலையில் உட்கார்வார்கள். களத்தில் மீட்டர் காட்டும் எண்ணை நம்பி ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானம் நிற்கிறது. இரும்புக்கும் இப்படி ஓர் எண் உண்டு. 1930-களில் இங்கிலாந்தில் டபிள்யூ. எச். ஜே. வெர்னன் செய்த சோதனைகளில், காற்றின் ஒப்பு ஈரப்பதம் 60 சதவீதத்தை ஒட்டிய ஒரு வரம்பைத் தாண்டியதும் துரு சட்டென்று வேகம் பிடிப்பது தெரியவந்தது. அதற்குக் கீழே சுத்தமான இரும்பு சும்மா கிடக்கும். வடகிழக்குப் பருவமழை ஆண்டு மழையில் பாதிக்கு மேல் கொட்டும் இந்தப் பகுதியில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் காற்று அந்த வரம்புக்குக் கீழே இறங்கும் நாளை விரல் விட்டுத் தேட வேண்டும்.

தஞ்சை அரண்மனைக்குள் ஒரு கோபுரம் இருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் கோயில் விமானம்போலத் தெரியும். கூடகோபுரம் என்ற இது 190 அடி உயரம், எட்டு நிலை. காவல் பார்க்கும் இடமாகவும் ஆயுதக் கிடங்காகவும் 1855 வரை இருந்தது. அந்த ஆண்டில் மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். கம்பெனி அரசு தஞ்சை ராஜ்யமே இல்லாமல் போய்விட்டது என்று அறிவித்து, 1856-இல் அரண்மனைச் சொத்துகளை எடுத்துக்கொண்டது. ராணி காமாட்சிபாய் வழக்குப் போட்டார். லண்டன் பிரிவி கவுன்சில் 1859-இல், இது ஓர் அரசு இன்னோர் அரசின்மேல் எடுத்த நடவடிக்கை, நீதிமன்றம் தலையிட முடியாது என்று கைகழுவியது. சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் படிக்கும் தீர்ப்பு அது.

கிடங்கிலிருந்த வாள், கட்டாரி, அங்குசம், துப்பாக்கிகளுக்கு என்ன ஆயிற்று? சென்னை மாகாண சிவில் பணியில் இருந்த எம். ஜே. வால்ஹவுஸ் 1878-இல் 'இந்தியன் ஆன்டிகுவரி' இதழில் பழைய தஞ்சை ஆயுதசாலையைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். சென்னை அருங்காட்சியகத்துக்கென்று சிறந்தவை சில பொறுக்கி எடுக்கப்பட்டன. மிச்சமிருந்த பெருங்குவியல் உடைக்கப்பட்டுப் பழைய இரும்பு விலைக்குப் போனது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் ஆயுதப் பிரிவில் இன்று தஞ்சாவூர் என்ற பெயரோடு இருக்கும் கட்டாரிகளும் அங்குசங்களும் அப்படிப் பிழைத்தவை. தலைமுறை தலைமுறையாக எண்ணெய் போட்டுத் துடைத்தவர்களின் உழைப்பு, துருவுக்கு இரையாகாமல் எடைக்கல்லுக்கு இரையானது.

அதே அரண்மனையின் சரசுவதி மகாலில் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. இரும்போடு ஒப்பிட்டால் ஓலைக்கு ஆயுள் அற்பம். பூச்சி, பூஞ்சை, ஈரம் எல்லாமே அதற்குப் பகை. ஆனால் வசம்பு, கிராம்பு, மிளகு, கருஞ்சீரகம், கருவாப்பட்டை, கற்பூரம் கலந்த பொடியை முடிச்சாகக் கட்டி அலமாரியில் வைத்தும், ஓலையை எடுத்துப் பிரித்து எண்ணெய் தடவியும் அவற்றைக் காத்தார்கள். தஞ்சையில் நீதிபதியாக இருந்த ஏ. சி. பர்னெல் அந்த வடமொழிச் சுவடிகளுக்குப் பட்டியல் போட்டு 1880-இல் அச்சிட்டார். 1918-இல் சரசுவதி மகால் பொது நூலகமானது. பட்டியலில் ஏறிய பொருளை யாராவது ஒருவர் வந்து கேட்பார். கேட்டால் எடுத்துத்தான் ஆக வேண்டும். ஆயுதசாலைக்கு அப்படி ஒரு வாசகர் வாய்க்கவில்லை.

தஞ்சை–நாகை சாலையில் அம்மாப்பேட்டை, நீடாமங்கலம், கொரடாச்சேரி என்று கிழக்கே போகப் போக இரண்டு பக்கமும் வயல். இந்தச் சாலையோர ஊர்களில் ஓட்டு வீடு, முற்றம், தேக்குத் தூண் என்று நிற்கும் பழைய மிராசு வீடுகள் பலவற்றில் ஒரு காலத்தில் துப்பாக்கி இருந்தது. தை மாதம் வயலில் இறங்கும் உள்ளானையும் காட்டு வாத்தையும் சுடுவது பெரிய வீட்டு விளையாட்டு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்த பிறகு, துப்பாக்கி உத்தியோகம் இழந்து பீரோவுக்குள் போனது. உரிமம் மட்டும் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே வரும்.

அப்படிப் போனதில்தான் கோளாறு தொடங்குகிறது. வாங்கும்போது வந்த அழகான தோல் உறையிலேயே போட்டு மூடி வைப்பார்கள். பதனிட்ட தோலில் அமிலமும் உப்பும் மிச்சம் இருக்கும். மழைக்கால ஈரத்தையும் அது உறிஞ்சி வைத்துக்கொள்ளும். உள்ளே பட்டுத்துணியோ கம்பளித் துணியோ ஒட்டியிருந்தால் இன்னும் மோசம். ஆறு மாதம் கழித்துத் திறந்தால் உறையின் தையல் எங்கெங்கே குழலைத் தொட்டதோ அங்கெல்லாம் கோடு கோடாகத் துரு. உறை கொண்டு போகவும் வரவும்தான். வைப்பதற்குக் காற்றோட்டமான அலமாரி வேண்டும்.

அடுத்தது எண்ணெய். கைக்கு எட்டியது தேங்காய் எண்ணெய் என்று அதைத் தடவுகிறவர்கள் உண்டு. நாள்பட்டால் காறிப்போய், அதில் உருவாகும் கொழுப்பு அமிலம் பித்தளையைப் பச்சையாக்கும். சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால் மார்கழி விடியலில் விசைக்குள் இருக்கும் எண்ணெய் மெழுகாக நிற்கும். ஆளி விதை எண்ணெய் மரக்கட்டைக்கு நல்லது, இரும்புக்கு ஆகாது, காய்ந்து பிசினாகிவிடும். தையல் மிஷின் எண்ணெய் போன்ற மெல்லிய கனிம எண்ணெய் பரவாயில்லை, ஆனால் சில வாரங்களில் வழிந்து வடிந்துவிடும். பல மாதம் தொடாமல் வைப்பதென்றால் மெல்லிய கிரீஸ் பூச்சே பொருத்தம். அதையும் அள்ளி அப்பக் கூடாது. அதிகமான எண்ணெய் மெல்ல இறங்கி மரக்கட்டைக்குள் ஊறி, கட்டை பூசணம் பிடித்ததுபோல் கறுத்து மெத்தென்று ஆகிவிடும். இதற்காகவே பழைய ஆட்கள் குழலின் வாய் கீழே பார்க்கும்படி நிறுத்தி வைப்பார்கள்.

எண்ணெய் போடும் முன் செய்ய வேண்டியதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கை பட்ட இடத்தில் வியர்வை உப்பு ஒட்டியிருக்கும்; அதன்மேல் எண்ணெய் பூசினால் உப்பைப் பத்திரமாக உள்ளே பூட்டி வைத்ததாகிவிடும். கரிமருந்து போட்டுச் சுட்ட பழைய துப்பாக்கி என்றால் குழலுக்குள் படியும் கசடு காற்றிலிருந்தே நீரை இழுக்கும். அதற்கு எண்ணெய் பதில் சொல்லாது, வெந்நீர்தான் மருந்து. வெந்நீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரையும், சூடேறிய குழல் தானே உலரும், அப்புறம் எண்ணெய்.

தோட்டாவுக்கும் இதே கதைதான். காகிதக் கூடு போட்ட பழைய 12 போர் தோட்டாக்கள் ஒரு மழைக்காலத்தில் ஊதிப்போய்க் குழலில் நுழையாமல் அடம்பிடிக்கும். கட்கி ஆலையின் சக்திமான் தோட்டாக்களை அரிசிப் பெட்டியில் வைத்திருந்தார்கள் என்று கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அந்தக் காலத்து வீட்டில் எலியும் ஈரமும் அண்டாத ஒரே இடம் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

ஆயுதப்படைக் கிடங்குகளிலும் அருங்காட்சியகங்களிலும் கையாளும் ஒரு சிக்கனமான வழி, பூட்டிய பெட்டிக்குள் சிறிய குண்டு பல்பை எரிய விடுவது. 25 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதத்தோடு இருக்கும் காற்றை 30 டிகிரிக்குச் சூடாக்கினால் நீர் அதே அளவு இருந்தும் ஒப்பு ஈரப்பதம் 60-க்கு இறங்கிவிடும். வெர்னன் சொன்ன வரம்புக்கு வந்தாயிற்று. நீலநிற சிலிக்கா ஜெல் பொட்டலம் வைப்பவர்கள் அது இளஞ்சிவப்பாக மாறியதும் எடுத்து வறுத்துத் திரும்ப வைக்க வேண்டும். வறுக்காமல் விட்ட பொட்டலம் வெறும் ஈர மூட்டை.

வீட்டில் இத்தனையும் பார்த்துப் பார்த்துச் செய்பவரின் துப்பாக்கியும் தேர்தல் வந்தால் வீட்டில் இருக்க முடியாது. தேதி அறிவித்ததும் உரிமக்காரர்கள் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். வங்கிக் காவலர்கள், துப்பாக்கி சுடும் போட்டி வீரர்கள் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. 2024 மக்களவைத் தேர்தலில் அறிவிப்பு மார்ச் 16, தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு ஏப்ரல் 19, எண்ணிக்கை ஜூன் 4. இடையே 80 நாள். கோடையாக இருந்ததால் இரும்புக்குச் சேதம் குறைவு. மழைக்காலத்தில் வரும் உள்ளாட்சித் தேர்தல் என்றால் கதை வேறு. காவல் நிலையங்களுக்கு நூறு வேலை. பிறர் வீட்டுத் துப்பாக்கிக்கு எண்ணெய் போடுவது அதில் சேராது. ஒப்படைக்கும் முன் சுத்தம் செய்து கிரீஸ் பூசி, உறையில்லாமல் கொடுப்பது உரிமக்காரர் பொறுப்பு. உரிமக்காரர் இறந்து, வாரிசுப் பெயருக்கு உரிமம் மாறும்வரை காத்திருக்கும் துப்பாக்கிகளின் பாடுதான் பரிதாபம். அவற்றுக்குத் தேர்தல் முடிவு தேதி என்று ஒன்று கிடையாது.

ஆயுத பூஜையை இங்கே சொல்லியாக வேண்டும். புரட்டாசியிலோ ஐப்பசித் தொடக்கத்திலோ வரும் அந்த நாளுக்காக ஆயுதப்படை மைதானங்களில் துப்பாக்கிகள் வெளியே வரும், கழற்றித் துடைக்கப்படும், புல்-த்ரூ கயிறு குழலுக்குள் ஓடும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவது அக்டோபர் மூன்றாம் வாரத்தை ஒட்டி. பராமரிப்புக்கு இதைவிடச் சரியான தேதியை எந்தக் கையேடும் குறித்துத் தந்திருக்க முடியாது. ஈரமான சந்தனத்தை இரும்பிலேயே விட்டுவிடாமல் மறுநாள் துடைத்துவிட வேண்டும் என்பது மட்டும் குறை.

திருவாரூரைத் தாண்டி கீழ்வேளூர்ப் பக்கம் திரும்பினால் கீழ்வெண்மணி. மிராசு வீட்டுத் துப்பாக்கியைப் பற்றிப் பேசிக்கொண்டே இந்த ஊரைக் கடந்துபோக முடியாது. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர்களின் தெருவை நிலக்கிழார்களின் ஆட்கள் தாக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டுக்குப் பயந்து ஒரு குடிசைக்குள் அடைந்தவர்கள் தீயில் கருகினார்கள். இறந்தவர்கள் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். உள்ளான் சுடுவதற்கென்று வாங்கி, எண்ணெய் போட்டுப் பேணிய பொருள் இந்த வட்டாரத்தில் யாரிடம் இருந்தது, யாரிடம் இல்லை என்பதும் இதன் வரலாற்றில் ஒரு பகுதி. தேர்தலுக்குத் தேர்தல் துப்பாக்கிகளை வாங்கி வைக்கும் அரசின் எச்சரிக்கை இந்தப் பகுதி மக்களுக்கு வெறும் சடங்காகத் தெரியாது.

நாகையை நெருங்கும்போதே காற்று மாறிவிடுகிறது. உதட்டில் உப்பு தெரியும். உப்புக் காற்றில் வெர்னன் எண் செல்லாது. சாதாரண உப்பு 75 சதவீத ஈரப்பதத்தில் காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே கரையும். கடலுப்போடு சேர்ந்து வரும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். மனிதனுக்கு வறட்சியாகத் தோன்றும் நண்பகலிலும் உப்புப் படிந்த இரும்பு நனைந்தே இருக்கிறது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறி, உட்கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் செய்தது. அந்த நாட்களில் பல்பு எரிந்த பெட்டிகளெல்லாம் வெறும் ஈரப் பெட்டிகளாகத்தான் இருந்திருக்கும்.

காரைக்காலைக் கடந்து வடக்கே போனால் தரங்கம்பாடி. கீழவாசல் பீரங்கியின் இரகுநாத நாயக்கர்தான் 1620-இல் டேனிஷ் தளபதி ஓவ் ஜெட்டேவுக்கு இங்கே கோட்டை கட்ட இடம் கொடுத்தவர். டேனிஷ் மன்னர் நான்காம் கிறிஸ்தியனுக்கு அவர் அனுப்பிய தங்க ஓலை கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. தங்கத்துக்குத் துரு கிடையாது. டேன்ஸ்பர்க் கோட்டையின் இரும்புப் பீரங்கிகள் அவ்வளவு கொடுத்துவைத்தவை அல்ல. 1845-இல் டென்மார்க் இந்த ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனது. பீரங்கிகள் அலைக்கு எதிரே நின்றன. தஞ்சை மேட்டில் மழை உப்பைக் கழுவிவிட்டுப் போகிறது. இங்கே மழை கழுவியதை மறுநாள் காற்று திரும்பப் பூசுகிறது. பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று கறுப்புப் பெயின்ட் அடிப்பது எல்லாக் கடற்கரைக் கோட்டையிலும் வழக்கம். உள்ளே உப்பு இருக்கும்போது அடித்த பெயின்ட் கொஞ்ச நாளில் கொப்புளித்து, அடியில் இருக்கும் இரும்போடு பாளம் பாளமாகக் கழன்று விழும்.

சரியான வைத்தியம் மெதுவானது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-இல் தொடங்கிய வேதியியல் பாதுகாப்புக் கூடத்தின் முதல் வேதியியலாளர் எஸ். பரமசிவன், தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்கள் எந்த முறையில் தீட்டப்பட்டவை என்று ஆராய்ந்தவர். செப்புத் திருமேனிகளைத் தின்னும் குளோரைடை மின்னாற்பகுப்பால் வெளியேற்றும் வேலையில் அந்தக் கூடம் பெயர் பெற்றது. கடலிரும்புக்கும் அடிப்படை அதுதான். பீரங்கியைச் சோடியம் கார்பனேட்டோ காஸ்டிக் சோடாவோ கரைத்த தொட்டியில் இறக்கி, அதை எதிர்மின் முனையாக்கி, குறைந்த மின்சாரத்தை மாதக்கணக்கில் செலுத்துவார்கள். உள்ளிருக்கும் குளோரைடு மெல்ல நீருக்கு வரும். நீரை மாற்றி மாற்றி அதன் அளவைக் குறித்துக்கொண்டே போக வேண்டும். அளவு ஏறாமல் நின்ற பிறகே வெளியே எடுத்து, நல்ல நீரில் அலசி, உலர்த்தி, மிஞ்சிய துருவைக் கருநிறப் படலமாக மாற்ற டானிக் அமிலம் பூசி, அதன்மேல் மெழுகு ஏற்றுவார்கள். பெரிய வார்ப்பிரும்புக் குழல் ஒன்றுக்கு இந்த வேலை ஓராண்டைத் தாண்டுவது சாதாரணம். மெழுகுக்கு இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மறுபூச்சு வேண்டும். கடலுக்கு எதிரே நிற்பதென்றால் அதற்கும் முன்பே.